பொட்டு வைத்த பிரதி

அடுத்த மாதம் நீங்கள் ஒரு ஒப்பீடு செய்யப் போகிறீர்களாம். பயிற்சிக்கு வந்திருக்கும் ஆட்களை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு டேப்லெட், பாதிப் பேருக்கு அச்சடித்த கையேடு. கடைசியில் தேர்வு வைத்து எது மேல் என்று முடிவு கட்டுவதாம். உங்களில் ஒருத்தி வீடு தேடி வந்து, "உங்க அனுபவத்த நாலு வரி எழுதிக் குடுங்க மேடம்" என்று கேட்டாள். நாலு வரியில் நிறுத்துகிற பழக்கம் எனக்குக் கிடையாது என்று அப்போதே எச்சரித்துவிட்டேன். காபியைக் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாள். இனி அவள் பாடு, உங்கள் பாடு.

இதே ஒப்பீட்டை உங்களுக்கு வெகு காலம் முன்பே செய்தவள் நான். அப்போது டேப்லெட் ஏது? மைக்ரோபிலிம்தான். உங்களில் பலர் அதைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டீர்கள். புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, நகத்தின் அளவுக்குச் சுருக்கி, பிலிம் சுருளில் ஏற்றிவிடுவார்கள். சுருளைப் பெட்டியில் மாட்டி உள்ளே இருக்கும் பல்பைப் போட்டால் பக்கம் திரையில் பெரிதாகத் தெரியும். கைப்பிடியைச் சுற்றினால் அடுத்த பக்கம். எங்கள் ஆட்கள் அதற்குப் படப்பெட்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். வாசிக்கும் அறைக்குள் நுழையும்போதே, "டீச்சர், இன்னிக்கு ரெண்டு ஆட்டமா மூணு ஆட்டமா?" என்று ஒருவராவது கேட்காமல் இருந்ததில்லை.

திண்டுக்கல்லைச் சுற்றியிருந்த சில நூற்பாலைகள் சேர்ந்து நடத்திய சின்னப் பயிற்சி நிலையம் அது. ஆலைகளில் பஞ்சு சுமந்துகொண்டும் கூட்டிப் பெருக்கிக்கொண்டும் இருந்தவர்களில் ஓரளவு படித்தவர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்புவார்கள். மூன்று மாதம் பழக்கி, மெஷின் ஃபிட்டருக்கு உதவியாளராகத் திருப்பி அனுப்புவோம். தேறியவருக்கு நிரந்தர வேலை. தேறாதவர் பழையபடி பதிலி. அதாவது, நிரந்தர ஆள் வராத நாளில் மட்டும் கூப்பிடுவார்கள். கேட்டுக்கு வெளியே காலையில் நின்று, இன்றைக்குக் கூப்பிடுவார்களா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

நான் அங்கே வாசிப்புப் பிரிவுக்குப் பொறுப்பு. நூலகப் படிப்பு படித்தவள். மெஷினைத் துடைத்தது கூடக் கிடையாது. ஆனாலும் எல்லாரும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். அந்த மரியாதையில் எனக்குக் கொஞ்சம் தலை கனத்திருந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொன்னால் வலிக்கும்.

எங்கள் பாடப் புத்தகம், கார்டிங் மெஷினைப் பற்றிய தமிழ்க் கையேடு. பஞ்சைச் சீவி, தூசி எடுத்து, வடம்போல் இழுத்துத் தருகிற மெஷின் அது. கையேட்டைத் தட்டச்சு செய்து, ஸ்டென்சிலில் ஓட்டி, ஃபைலில் கோத்துக் கொடுப்போம். ஒர்க்‌ஷாப்பில் அந்த ஃபைல்கள் பட்ட பாட்டைப் பார்த்தால் புத்தகத்தை நேசிக்கிற யாருக்கும் வயிறு எரியும். கிரீஸ் கை ரேகை, டீ வட்டம், ஓரம் முழுக்கப் பேனாக் கிறுக்கல். ஒரு ஃபைலில் வெஞ்சனக் குழம்பு சிந்தி இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டே விட்டது. அங்கே இருந்த மேஸ்திரி, அய்யலூர்க்காரர், நல்ல வேலைக்காரர். அவர் ஒருமுறை பேனாவால் ஒரு பக்கத்தை அடித்துத் திருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டேன். எல்லார் முன்னாலும் பிடித்துச் சத்தம் போட்டேன். "இது நிலையத்தோட சொத்து. உங்க வீட்டு நோட்டு இல்ல." அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பயிற்சி மேலாளருக்குப் புதுசு எதுவானாலும் பிடிக்கும். எங்கேயோ மைக்ரோபிலிமைப் பார்த்துவிட்டு வந்து, "டீச்சர், இருபது புஸ்தகம் ஒரு சோப்பு டப்பாவுக்குள்ள அடங்கிருது, கிழியாது, அழுக்காகாது" என்று குழந்தைபோல் சொன்னார். அழுக்காகாது என்ற ஒரு சொல்லிலேயே நான் விழுந்துவிட்டேன். கையேட்டின் ஒரு பிரதியைச் சென்னைக்கு அனுப்பினால் படமெடுத்துத் தருவார்கள் என்றார். இருப்பதிலேயே நல்ல பிரதியாகப் பார்த்து அனுப்பி வைத்தேன். சுருள் வந்தது, இரண்டு படப்பெட்டிகள் வந்தன. இனி எல்லா ஆலைக்கும் பிலிமா, தாளா என்று முடிவெடுக்க ஒரு ஒப்பீடு நடத்தி அறிக்கை கொடுக்கும்படி உறுப்பினர் ஆலைகள் கேட்டன. அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று சொல்வது பொய். நானேதான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இருபத்து நான்கு பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தேன். பன்னிரண்டு பேருக்குப் படப்பெட்டி. பன்னிரண்டு பேருக்கு ஒர்க்‌ஷாப்பிலிருந்து எடுத்த அந்த அழுக்கு ஃபைல்கள். வேறு பிரதி கைவசம் இல்லை. இரண்டு குழுவுக்கும் ஒரே பாடம், ஒரே நேரம். திங்கள்கிழமை எழுத்துத் தேர்வு, செவ்வாய்க்கிழமை மெஷினில் செய்முறைத் தேர்வு. கேள்வித்தாளும் விடைக்குறிப்பும் மேஸ்திரி கொடுத்தார். நியாயமாக நடக்க வேண்டும் என்பதற்காக நானாக ஒரு விதி சேர்த்தேன். வாசிக்கிற நாட்களிலும் செய்முறையின் போதும் மேஸ்திரிகள் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஆள் கற்றுக்கொள்வது புத்தகத்திலிருந்தா, மேஸ்திரி வாயிலிருந்தா என்று தெரியாமல் போய்விடுமே!

படப்பெட்டி அறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். திரை தெரிய வேண்டும் என்று ஜன்னலை எல்லாம் கறுப்புத் துணி போட்டு மூடியிருந்தோம். நம் ஊர் வெயில்காலத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மூடிய இருட்டறையில், பெட்டியின் சின்ன ஃபேன் சத்தத்தில் எட்டாம் பக்கத்தைத் தாண்டி விழித்திருந்தவர்கள் குறைவு. விழித்திருந்த ஒருவர் பெயர் சவரிமுத்து. குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரிக் காட்டை நம்பி வாழ முடியாமல் ஆலைக்கு வந்தவர். முப்பது வயதுக்குக் கொஞ்சம் குறைவு. எட்டாவது வரை படித்திருந்தார். ஆறு வருடமாகப் பதிலி. ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு தடவை ஓட்டிப் பார்ப்பார். உதடு அசைய மெதுவாக வாசிப்பார். "இதுல தேறிட்டா மக படிப்பு தப்பிச்சுக்கும் டீச்சர்" என்று ஒருநாள் சொன்னார். வேறு எதுவும் அதிகம் பேசமாட்டார்.

செவ்வாய்க்கிழமை சீட்டு எடுத்ததில் முதல் பெயர் அவருடையது. வேலை சாதாரணமானது. கார்டிங் மெஷினை நிறுத்த வேண்டும். உள்ளே இருக்கும் பெரிய சிலிண்டர் சுற்றி நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். மூடியைத் திறந்து, கேஜ் என்கிற மெல்லிய இரும்புத் தகட்டை உள்ளே விட்டு இடைவெளியை அளக்க வேண்டும். சிலிண்டர் முழுக்க ஊசி ஊசியாகக் கம்பி சுற்றியிருக்கும். சுவிட்சை அணைத்தாலும் அந்தக் கனத்துக்கு அது சட்டென்று நிற்காது. மூடிக்குள் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, பக்கத்து மெஷின்கள் ஓடுகிற சத்தத்தில் காதுக்கும் தெரியாது. மூடியைத் திறந்தாலும் எங்கும் ஒரே மாதிரிக் கம்பி, சுற்றுகிறதா நிற்கிறதா என்று சட்டென்று பிடிபடாது.

சவரிமுத்து மெஷினை நிறுத்தினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்து நிமிடம் ஆனதும் மூடியைத் திறந்து கேஜை உள்ளே விட்டார். எதிரில் நின்ற மேஸ்திரி என் விதியை எல்லாம் காற்றில் விட்டு, "ஏலே, விடாத!" என்று கத்தியது அந்தக் கணத்தில்தான். கேஜ் அவர் கையிலிருந்து பிடுங்கப்பட்டு, வளைந்து வெளியே தெறித்துச் சுவரில் அடித்தது. சிலிண்டரில் ஒரு சாண் அகலத்துக்குக் கம்பி நசுங்கிப்போனது.

மேலாளர் ஓடி வந்தார். அவர் மெஷினைப் பார்க்கவில்லை. சவரிமுத்துவின் வலது கையைத் தூக்கி, விரல் விரலாக விரித்துப் பார்த்தார். பெருவிரலுக்குக் கீழே ஒரு கீறல் மட்டும்தான். "கை இருக்குப்பா. உக்காரு, செத்த நேரம் உக்காரு" என்று சொல்லி அவரே தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? என் ஒப்பீடு கெட்டுப்போனதே என்று கையில் வைத்திருந்த தாளில், முதல் பெயருக்கு எதிரே என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இதை இத்தனை வருடத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

"ஏம்ப்பா, பத்து நிமிசம் நிக்கணும்ல? புஸ்தகத்துல போட்டிருக்குல்ல?" என்று மேஸ்திரி கேட்டார்.

"அஞ்சு நிமிசம்னுதான் போட்டிருந்துச்சு" என்றார் சவரிமுத்து. "படத்துல அஞ்சுதான் இருந்துச்சு."

படப்பெட்டிக் குழுவின் மற்ற பதினொரு பேரை அவர்கள் முறை வரும்வரை வேறு அறையில் உட்கார வைத்திருந்தோம். அங்கே நின்ற தாள் குழுவினர் பன்னிரண்டு பேரும் ஒரே வாயாகப் பத்து என்றார்கள். ஒருவர் ஃபைலைக் கொண்டுவந்து விரித்துக் காட்டினார். தூரத்திலிருந்தே பார்த்தேன், பத்து என்று இருந்தது. அவ்வளவுதான். ஆள் அவசரப்பட்டுவிட்டார், அல்லது இருட்டில் சரியாக வாசிக்கவில்லை என்று எல்லாருக்கும் முடிவாகிவிட்டது. செய்முறையை நிறுத்தினார்கள். வெள்ளிக்கிழமை ஆலை அதிகாரிகள் வருகிற கூட்டத்தில் முடிவு செய்வது என்றும், அதுவரை சவரிமுத்து வகுப்புக்கு வர வேண்டாம், வளாகத்தைக் கூட்டிக்கொண்டிருக்கட்டும் என்றும் ஏற்பாடு.

புதன்கிழமை திங்கள் தேர்வின் தாள்களைத் திருத்தினேன். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது ஏழாவது கேள்வி. படப்பெட்டிக் குழுவின் முதல் தாளில் ஐந்து என்று இருந்தது. சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டேன். இரண்டாவதும் ஐந்து, பெருக்கல் குறி. பன்னிரண்டு தாளிலும் ஐந்து, பன்னிரண்டு பெருக்கல் குறி. போட்டு முடித்துவிட்டு என்ன எழுதினேன் என்று நினைக்கிறீர்கள்? "பிலிமில் எண்கள் தெளிவாகத் தெரிவதில்லை; பயிற்சியாளர்கள் தவறாக வாசிக்க வாய்ப்புள்ளது" என்று அறிக்கையில் எழுதினேன். பன்னிரண்டு பேர் ஒரு எண்ணைத் தவறாக வாசித்தால் ஒருவர் மூன்று என்பார், ஒருவர் எட்டு என்பார். பன்னிரண்டு பேரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே எண்ணைச் சொன்னால் அது அந்த எண் அங்கே இருப்பதால்தான். இதைப் புரிந்துகொள்ள நூலகப் படிப்புகூட வேண்டாம். கையில் சிவப்புப் பேனா இருந்தால் சில சமயம் இதுகூடப் புரியாது.

அன்று மதியம் சவரிமுத்து துடைப்பத்தை வாசலில் சாத்திவிட்டு அறைக்குள் வந்தார்.

"டீச்சர், ஒருக்கா அந்தப் பெட்டியப் போட்டுக் காட்டுங்க. நான் பாத்தது அஞ்சுதான்."

"அஞ்சும் பத்தும் எப்படிங்க கொழம்பும்? எல்லாரும் ஃபைலப் பாத்தாச்சுல்ல."

"அவுக பாத்தது ஃபைலு. நான் பாத்தது படம்."

எவ்வளவு நேரான பேச்சு! நான் அதை விட்டுவிட்டு வேறு பதில் சொன்னேன். பல்பு சீக்கிரம் போய்விடுகிறது, சென்னையிலிருந்து வர வேண்டும், கூட்டத்துக்கு வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்ட ஒன்றுதான் மிச்சம் என்று. அது உண்மைதான். ஆனால் ஒரு மனிதரின் வேலையை ஒரு தராசுத் தட்டிலும் பல்பை இன்னொன்றிலும் வைத்து, பல்பின் பக்கம் சாய்ந்தேன். "சரிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை அறிக்கையை முடிக்க உட்கார்ந்தேன். பிலிமில் எண் மங்கலாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறேனே, எந்தப் பக்கத்தில் மங்கல் என்று அதிகாரிகள் கேட்டால் சொல்ல வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் பெட்டியைப் போட்டேன். சவரிமுத்துவுக்காக இல்லை. என் வரிக்கு ஆதாரம் தேடி.

முதல் படம், கையேட்டின் அட்டை. அதில் தலைப்புக்கு மேலே நடுவில் கறுப்பாக ஒரு வட்டம். தூசியோ என்று திரையைத் துடைத்தேன். போகவில்லை. பிறகுதான் அது என்ன என்று பிடிபட்டது.

அது குங்குமப் பொட்டு. சிவப்பு, பிலிமில் கறுப்பாக விழுந்திருக்கிறது.

எங்கள் நிலையத்தில் ஆயுத பூஜை அன்று மெஷின்களுக்கு, கருவிகளுக்கு எல்லாம் சந்தனமும் குங்குமமும் வைப்போம். புத்தகத்தையும் வைக்க வேண்டுமே. அந்த எண்ணெய் ஃபைல்களையா சாமி முன்னால் வைப்பது? அதற்கென்று ஒரு பிரதியைப் பழுப்புத் தாளில் சுற்றி என் பீரோவில் வைத்திருந்தேன். வருடத்துக்கு ஒரு நாள் வெளியே வரும், பொட்டு வாங்கிக்கொள்ளும், உள்ளே போய்விடும். வேறு கை பட்டதில்லை. சென்னைக்கு எது நல்ல பிரதி என்று பார்த்தபோது, விருந்தாளிக்குப் புது டம்ளரை எடுத்து வைக்கிற மாதிரி அதைத்தான் எடுத்து அனுப்பியிருக்கிறேன். யாருமே வேலைக்குப் பயன்படுத்தாத பிரதியை.

கைப்பிடியைச் சுற்றினேன். அந்தப் பக்கம் வந்தது. கண்ணாடிபோல் தெளிவாக, மங்கல் இல்லாமல், 5 நிமிடம்.

ஒர்க்‌ஷாப்புக்கு ஓடினேன். ஃபைலை வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன். தட்டச்சில் இருந்ததும் 5தான். அதைப் பேனாவால் அடித்து மேலே 10 என்று எழுதியிருந்தது. பக்கத்து ஓரத்தில், "அதுக்குப் பிறகும் வெளிப்பக்கம் புல்லி நின்னுருச்சான்னு பாத்துட்டுத் திற." புல்லி என்பது சிலிண்டரோடு சேர்ந்து மூடிக்கு வெளியே சுற்றுகிற சக்கரம். இன்னொரு ஃபைல், அங்கேயும் அதே. ஒரு ஃபைலைப் பார்த்து இன்னொன்றில் எழுதி, ஒவ்வொரு ஃபைலுக்கும் அந்தத் திருத்தம் போயிருந்தது. என் பீரோவுக்கு மட்டும் வரவில்லை.

மேஸ்திரி அன்று அய்யலூர் சந்தைக்கு ஆடு பார்க்கப் போயிருந்தார். மதியத்துக்கு மேல், ஆட்டு வாடையோடு வந்தார். கேட்டேன்.

"பழைய பேரிங்க மாத்தி இரும்புக் குண்டு வச்ச பால் பேரிங் போட்டோம்ல டீச்சர், அதுலருந்து அது லேசுல நிக்க மாட்டேங்குது. அதான் அஞ்ச அடிச்சுப் பத்துன்னு போட்டோம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் நெனச்சேன்." அவர் என் முகத்தைப் பார்க்காமல் தலைத்துண்டை உதறினார். "புஸ்தகத்துல எழுதுனதுக்கு அன்னிக்கு நீங்க போட்ட சத்தம் இருக்கே. மறுபடி வந்து, ஆமா இங்ஙன எழுதியிருக்கேன்னு எப்பிடிச் சொல்றது?"

அறைக்குத் திரும்பி வந்து ஒரு டீ வாங்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை. அந்த டீ ஆறுகிற நேரம் வரை, பேசாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். என் அறிக்கை ஏறக்குறைய முடிந்து தயாராக இருந்தது. பிலிம் மங்கல் என்ற வரியோடு கொடுத்தால் பிலிம் திட்டம் கைவிடப்படும், சுருள் பீரோவுக்குள் போகும், யாரும் மறுபடி அதைப் போட்டுப் பார்க்க மாட்டார்கள். அந்த நிலையத்தில் நான் ஒருத்திதான் பெண். வேலைக்குச் சேர்ந்தபோதே, இந்த அம்மாவுக்கு மெஷினைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்ட வாய்கள் வெள்ளிக்கிழமை கூட்டத்திலும் வரும். சவரிமுத்து? பாவம்தான், ஆனால் பதிலி வேலையாவது இருக்கிறதே என்று மனசு எனக்கு வக்காலத்து வாங்கியது. மனசு எவ்வளவு சுறுசுறுப்பான வக்கீல் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

மேசைமேல் பன்னிரண்டு விடைத்தாள்கள் இருந்தன. மேலே இருந்த தாளை எடுத்தேன். என் பெருக்கல் குறி. அப்போதுதான் உறைத்தது, சவரிமுத்து ஒருவர் இல்லை. இன்னும் பதினொரு பேர் ஐந்து என்ற எண்ணை மனசுக்குள் வைத்துக்கொண்டு நடமாடுகிறார்கள். நாளைக்கு ஆலைக்குத் திரும்பிப் போவார்கள். அங்கேயும் பால் பேரிங் மாற்றிய மெஷின்கள் இருக்கும். யாரோ ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து, ஐந்து நிமிடம் ஆனதும் கையை உள்ளே விடுவார். எப்போதும் கீறலோடு போகும் என்று யார் சொன்னது?

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனேன். பதினொரு பேரையும் கூட்டி நிறுத்தி, "நீங்க படிச்சது சரி. நான் குடுத்ததுதான் தப்பு. அஞ்சு இல்ல, பத்து. அதுக்கப்பறமும் புல்லி நின்னாத்தான் திறக்கணும்" என்று சொன்னேன். ஒவ்வொருவரையும் திருப்பிச் சொல்லச் சொன்னேன். சவரிமுத்து அதற்குள் கூட்டி முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அது ஒரு நிம்மதி.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் நான்கு ஆலைகளின் அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். அறிக்கையைக் கொடுக்கவில்லை. எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். ஒருவர், "ஏம்மா, பூசைக்கு வச்ச புக்கையா பிலிம் எடுக்க அனுப்புனீங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்தச் சிரிப்பு முடிகிற வரை நின்றுகொண்டிருந்தது எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

மேலாளர் சிரிக்கவில்லை. "மெமோ எழுதணும்" என்றார். நான் தலையாட்டினேன். "டீச்சர் பேர்ல ஒண்ணு, என் பேர்ல ஒண்ணு. அந்த ஆளு என் முன்னாலதான் சொன்னாரு, படத்துல அஞ்சுன்னு. எந்திரிச்சுப் போயிப் பாக்கல நான். சவரிமுத்து திங்கக்கெழம வகுப்புக்கு வரணும், செய்முறையத் திருப்பி எடுக்கணும். இத முதல்ல குறிச்சுக்கங்க, அப்பறம் பிலிமப் பத்திப் பேசுவோம்." அவரை என் மேலதிகாரி என்று சொல்வதில் எனக்கு இன்றைக்கும் பெருமை.

பிலிமா, தாளா என்ற கேள்விக்கு என்ன விடை என்று கேட்பீர்கள். மேஸ்திரியிடமே இருப்பதிலேயே அழுக்கான ஃபைலைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி வாங்கி, அதைப் படமெடுக்க அனுப்பினோம். சென்னையிலிருந்து, எங்கள் கேமராவில் கிரீஸ் ஒட்டுகிறது என்று புகார் கடிதம் வந்தது. புதுச் சுருளை வைத்து மறுபடி ஒப்பிட்டதில் இரண்டு குழுவுக்கும் சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசம் இல்லை. படம் கிழியாது, தொலையாது. தாளில் எழுதலாம், இரண்டு பேர் சேர்ந்து விரித்துவைத்துச் சண்டை போடலாம். கொஞ்ச வருடம் இரண்டையும் வைத்துக்கொண்டோம். பல்பு கிடைக்காமல் போனதோடு படப்பெட்டிகள் போயின.

உங்கள் டேப்லெட்டுக்கும் என்னிடம் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அதில் ஏற்றப்போகிற கையேடு யார் கையிலிருந்து வருகிறது என்று பாருங்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் பொட்டு வைத்து உட்கார்ந்திருக்கிற பிரதியாக இருந்துவிடப் போகிறது. கையேட்டில் கிறுக்குகிற ஆள் இருந்தால் திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் என்று கேளுங்கள். ஒருவர், நான் படித்தது இதுதான் என்று சொன்னால் அவருக்கு விளக்கம் சொல்வதற்கு முன்னால், எழுந்து போய் அவர் படித்ததையே படியுங்கள். நான் ஒரு நாள் தாமதமாக எழுந்தேன். அது எப்பேர்ப்பட்ட ஒரு நாள் என்று எனக்குத் தெரிந்தது அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான்.

கூட்டம் முடிந்ததும் சவரிமுத்துவை அறைக்கு அழைத்து, பெட்டியைப் போட்டு அந்தப் பக்கத்தைக் காட்டினேன். திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய், அந்த 5ஐ விரலால் தொட்டுப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படுவார், அல்லது பரவாயில்லை என்பார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

"எல்லாரும் பத்து பத்துன்னு சொல்லவும் எனக்கே பயமாப் போச்சு டீச்சர்" என்றார். "கண்ணு கெட்டுப் போச்சோ, இல்ல படிச்சதெல்லாம் மறந்து போச்சோன்னு. நேத்து மக பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவ கணக்குப் புஸ்தகத்த வாங்கி, அவளப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு, ஒவ்வொரு நம்பரா விரல வச்சு வாசிச்சேன். தப்புன்னா சொல்லு ஆத்தான்னு சொல்லிட்டு வாசிச்சேன். நாப்பது பக்கம் வாசிச்சேன் டீச்சர். ஒண்ணுகூடத் தப்பு வரல."